ஆர்தர் பியர்சன்

சர் சிரில் ஆர்தர் பியர்சன் (பெப்ரவரி 24, 1866 – டிசம்பர் 9, 1921) இங்கிலாந்தைச் சேர்ந்த பத்திரிகை உரிமையாளரும், போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் மறுவாழ்வு நிலையத்தின் நிறுவனரும் ஆவார். டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழைத் தொடங்கியவர் இவரே. நடுத்தர வயதில் கண்ணழுத்த நோயால் இவரும் பார்வையை இழந்தார். பயிற்சி முடித்து வீடு திரும்பிய வீரரையும் அவரது குடும்பத்தையும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனிக்கும் முறையை ஏற்படுத்தியதே இவரது பணிகளுள் முதன்மையானது எனலாம்.

இளமை

பியர்சன் சாமர்செட் கவுண்டியிலுள்ள வூக்கி என்னும் சிற்றூரில் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். வின்செஸ்டர் பள்ளியில் பயின்றார். 1884 இல் டிட்-பிட்ஸ் என்ற வார இதழ் ஒரு பொது அறிவுப் போட்டியை நடத்தியது. அந்த இதழின் அலுவலகத்தில் ஒரு வேலையே அதற்குப் பரிசு. கேள்விகளுக்கு விடை தேடுவதற்காகப் பியர்சன் தொலைவிலிருந்த பெட்ஃபோர்டு நகர நூலகத்துக்குப் பலமுறை மிதிவண்டியில் சென்று வந்தார். போட்டியில் வென்று பணியில் சேர்ந்த இவர், ஓராண்டுக்குள் அங்கு மேலாளரானார்.

பத்திரிகைத் தொழில்

1890 இல் பியர்சன்ஸ் வீக்லி என்ற சொந்த வார இதழைத் தொடங்கினார். விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டி போன்ற உத்திகளால் அதன் விற்பனை பெருகியது. அப்போட்டி சூதாட்டத்தின் பாற்பட்டது என நீதிமன்றம் கூறியதால் பின்னர் நிறுத்தப்பட்டது. 1892 இல், நகரத்து ஏழைக் குழந்தைகளை ஒரு நாள் நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்வதற்காகத் தூய காற்று நிதி என்ற அறக்கட்டளையை நிறுவினார். 1900 இல் டெய்லி எக்ஸ்பிரஸ் வெளிவந்தது. முதல் பக்கம் முழுவதையும் விளம்பரங்களுக்கு ஒதுக்குவது அக்கால இலண்டன் நாளிதழ்களின் வழக்கம். அந்தப் பக்கத்தில் செய்திகளை இட்டது இவ்விதழின் புதுமையாகும். 1904 இல் தி ஸ்டாண்டர்டு நாளிதழையும் வாங்கினார்.

பார்வை இழப்பு

1908 இல் கண்ணழுத்த நோய்க்காகப் பியர்சனுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அது பலனளிக்கவில்லை. பார்வை படிப்படியாகக் குறைந்ததால் பத்திரிகைத் தொழிலிலிருந்து மெல்ல விலகினார். பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் இணைந்து 1914 இல் அதன் தலைவரானார். விளம்பரத்திலும் நிதி திரட்டுவதிலும் இவருக்கு இருந்த திறமை அந்நிறுவனத்தின் வருவாயைப் பன்மடங்கு உயர்த்தியது. இதழ்களின் விற்பனையைப் பெருக்கிய அதே உத்திகளையே இதற்கும் இவர் பயன்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

செயின்ட் டன்ஸ்டன்ஸ்

முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே கண்ணிழந்த வீரர்கள் இலண்டன் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். அதுவரை அத்தகையோருக்கு ஒரு சிறு ஓய்வூதியமும், உறவினரின் ஆதரவும், அதுவும் இல்லையெனில் தெருவுமே கதியாக இருந்தன. பியர்சன் 1915 தொடக்கத்தில் இவர்களுக்கென ஒரு குழுவை அமைத்து, பேய்ஸ்வாட்டர் சாலையில் ஒரு விடுதியைத் திறந்தார். சில வாரங்களில் இடம் போதாமற் போயிற்று. ஆட்டோ கான் என்ற வங்கியாளர் ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த தமது மாளிகையைத் தந்துதவ, நிலையம் அங்கு மாறியது. முன்பு செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்திலிருந்த பழைய கடிகாரம் ஒன்று அம்மாளிகையில் பொருத்தப்பட்டிருந்தது. மாளிகையின் பெயர் அதிலிருந்தே வந்தது. கடிகாரம் 1935 இல் தேவாலயத்துக்கே திரும்பிவிட்டது. பெயர் மட்டும் நிலையத்தோடு நிலைத்தது.

மருத்துவமனையில் படுத்திருக்கும் வீரரை நேரில் சென்று காண்பது பியர்சனின் வழக்கம். விரலால் தடவி நேரம் அறியக்கூடிய பிரெய்ல் கைக்கடிகாரம் ஒன்றை அவருக்குப் பரிசளிப்பார். பிறரைக் கேளாமல் மணி பார்க்க முடியும் என்பதே அவ்வீரர் கற்கும் முதற் பாடமாக அமைந்தது. நிலையத்தின் அறைகளினூடே கால்களுக்கு வழிகாட்டும் விரிப்புகள் இடப்பட்டிருந்தன. ஆசிரியர்களுள் பலர் தாமே பார்வையற்றவர்கள். பிரெய்லும் தட்டச்சும் அனைவருக்கும் கற்பிக்கப்பட்டன. அதன் பின்னர் காலணி செப்பனிடல், பாய் நெசவு, கூடை முடைதல், தச்சு, கோழி வளர்ப்பு, மசாஜ் சிகிச்சை, சுருக்கெழுத்து, தொலைபேசி இணைப்பாளர் பணி ஆகியவற்றுள் ஒன்றை வீரர் தேர்ந்தெடுத்தார். ஏரியில் படகு வலித்தலும் நடனமும் பயிற்சியின் பகுதிகளாகவே கருதப்பட்டன. போர் முடியும் தறுவாயில் 1,500 க்கும் மேற்பட்ட வீரர்கள் நிலையத்தின் பொறுப்பில் இருந்தனர்.

இரக்கச் சொற்களைப் பியர்சன் முற்றிலும் வெறுத்தார். பார்வையின்மை ஒரு துன்பமன்று, ஓர் இடையூறு மட்டுமே என்பது அவரது கொள்கை. வசதியும் பணமும் உடைய ஒருவர் இதைச் சொல்வது எளிது என்ற எண்ணம் எழக்கூடும். முகம் சிதைந்தவர்களும் கைகளையும் இழந்தவர்களும் அவ்வீரர்களிடையே இருந்தனர். அவர்கள் அனைவருக்கும் இந்த உற்சாகம் ஒரே அளவில் கைகூடியிருக்கும் எனக் கொள்ள இயலாது. எனினும் தாமும் இருளில் வாழ்பவர் என்பதால் பியர்சனின் சொல்லுக்கு வீரர்களிடையே மதிப்பு இருந்தது.

பின்கவனிப்பும் குடும்பங்களும்

ஒருவர் கூடை முடையக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. ஊர் திரும்பிய பின் அவருக்கு மூலப்பொருள் வேண்டும். செய்த கூடையை விற்கவும் வேண்டும். கவனிக்க எவருமில்லையெனில் கைத்திறனும் நாளடைவில் குன்றிவிடும். பியர்சன் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். பயிற்சி முடித்தவர்களுக்கெனப் பின்கவனிப்புத் துறை ஒன்று அமைக்கப்பட்டது. வீடும் தொழிற்கூடமும் அமைத்துக்கொள்ள அது உதவியது. மூலப்பொருள்களை அடக்க விலைக்கு அனுப்பியது. உள்ளூரில் விலைபோகாத பொருள்களை விற்றுத் தந்தது. தொழில் அறிந்த மேற்பார்வையாளர்கள் வீரரின் ஊருக்கே சென்று, வேலையின் தரத்தைப் பார்த்து ஆலோசனை கூறினர். 1916 முதல் வெளிவந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் ரிவியூ என்ற இதழ், சிதறி வாழ்ந்தவர்களை ஒருவரோடொருவர் இணைத்தது.

கோழிப் பண்ணை போன்ற தொழில்களில் வீட்டாரின் துணை இன்றியமையாதது என்பதால், வீரர்களின் மனைவியருக்கும் உறவினருக்கும் அத்தொழில் கற்பிக்கப்பட்டது. அரசின் குழந்தைகள் படி, வீரர் படையிலிருந்து விலகும் முன் பிறந்த குழந்தைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் பிறந்த குழந்தைகளுக்காகப் பியர்சன் தனி நிதி ஒன்றைத் திரட்டினார். கண்ணிழந்த இளைஞர் பலர் பயிற்சிக் காலத்திலோ அதன் பின்னரோ திருமணம் செய்துகொண்டவர்கள். ஆகையால் இந்நிதி சிறு உதவியாக இருக்கவில்லை.

இவ்வளவும் போரில் கண்ணிழந்தோருக்கே கிடைத்தது. சுரங்கத்திலோ ஆலையிலோ நோயாலோ பார்வையிழந்தவர்களின் நிலை வேறாக இருந்தது. அவர்கள் 1920 இல் வட இங்கிலாந்து முதலிய இடங்களிலிருந்து இலண்டனுக்கு நடைப்பயணம் மேற்கொண்டு, அறக்கொடை வேண்டாம், உரிமையே வேண்டும் எனக் கோரினர். அவ்வாண்டின் பார்வையற்றோர் சட்டம், அவர்கள் முதியோர் ஓய்வூதியம் பெறும் வயதை 70 இலிருந்து 50 ஆகக் குறைத்தது. நன்கொடையாளரின் நல்லெண்ணத்தை நம்பிய பியர்சனின் முறைக்கும் அவர்களது கோரிக்கைக்கும் இருந்த இடைவெளி கவனிக்கத்தக்கது.

பியர்சனுக்கு 1916 இல் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. தமது அனுபவங்களை 1919 இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

மறைவும் பின்னரும்

1921 டிசம்பர் 9 அன்று இலண்டனிலுள்ள தமது வீட்டின் குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பியர்சன், நினைவிழந்து நீரில் மூழ்கி இறந்தார். ஆம்ப்ஸ்டெட் கல்லறைத் தோட்டத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பார்வையற்றோர் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்.

இவருக்குப் பின் நிலையத்தின் தலைமையை ஏற்றவர் இயன் பிரேசர். 1916 இல் சொம் சண்டையில் பார்வையிழந்து, இந்நிலையத்திலேயே பயின்றவர். அவர் 1974 வரை அப்பொறுப்பில் இருந்தார். நிலையத்தின் பெயர் 2012 இல் பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே என மாற்றப்பட்டது.

இங்குப் பயின்ற மற்றொருவர் நியூசிலாந்தைச் சேர்ந்த குளுதா மெக்கென்சி. இவர் 1915 இல் கலிப்பொலியில் பார்வையிழந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா வந்து, கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காக டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி ஒன்றை அமைத்தார். அங்கு பின்னாளில் வளர்ந்த பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்துக்கு அதுவே தொடக்கமாகும். போருக்குப் பின் யுனெஸ்கோ மேற்கொண்ட பிரெய்ல் ஒருமைப்பாட்டுப் பணியையும் மெக்கென்சி வழிநடத்தினார். 1951 இல் உருவான பாரதி பிரெய்ல் அதன் பயனாக அமைந்தது. தமிழ் பிரெய்ல் எழுத்துகள் இம்முறையையே பின்பற்றுகின்றன.