கலையைக் காணக் கற்பித்தவர்: ஆனந்த குமாரசுவாமி

நுழையும்முன்

கோயிலில் நாம் வணங்கும் செப்புத் திருமேனியே அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக நிற்கிறது. அதன் அழகை எந்த அளவுகோலால் அளப்பது? கிரேக்கச் சிலைகளைக் கண்டு பழகிய மேலைநாட்டார், நான்கு கைகளுடைய இறையுருவை விகாரம் எனக் கருதிய காலம் ஒன்றுண்டு. அவர்களிடம் கற்ற நம்மவர் சிலரும் அவ்வாறே நம்பினர். ஒரு கலையை அதன் மரபுக்குரிய இலக்கணம் கொண்டே அறிய வேண்டும் என நிறுவிய அறிஞர் ஒருவரின் வாழ்வே இப்பாடம்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் இடம்பெற்றிருந்த தமிழர், வழக்கறிஞர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1863இல் வெளியிட்டவர். தாயார் எலிசபெத், இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைச் சேர்ந்தவர். இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்த குழந்தை, தாயின் அரவணைப்பில் இங்கிலாந்தில் வளர்ந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பயின்றவை நிலவியலும் தாவரவியலும் ஆகும். 1900இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில், பிறந்த மண்ணாகிய இலங்கையின் கனிம ஆய்வுத்துறைக்கு இயக்குநரானார். தோரியனைட் என்னும் கனிமம் அவருடைய ஆய்வினால் வெளிப்பட்டது. அறிவியல் துறையில் முனைவர் பட்டமும் அவரை வந்தடைந்தது.

பாறையிலிருந்து கலைக்கு

கனிமங்களைத் தேடி மலைநாட்டுச் சிற்றூர்களில் நடந்தவரின் கண்ணில் வேறொரு செல்வம் பட்டது. கண்டிப் பகுதியின் கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் கைத்திறமே அது. அரசரும் கோயில்களும் வழங்கிய நிலத்தை உழுது உண்டு, அதற்கு ஈடாகக் கைவினைப் பணி செய்து வந்த குடிகள் அவர்கள். கண்டியரசு வீழ்ந்தபின் அம்முறை தளர்ந்தது. ஆலைத்துணியும் இறக்குமதிப் பொருள்களும் சந்தையை நிரப்பின. தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழிலை வாங்குவாரின்றிக் கைவிடும் நிலை கைவினைஞர்க்கு நேர்ந்தது.

ஒரு தொழில் அழிந்தால் ஒரு பொருள் மட்டும் அழிவதில்லை. அதனைச் செய்யும் அறிவும், சொல்லும், அதனை நுகரும் சுவையும் உடன் அழியும் என்பதை அவர் உணர்ந்தார். துணைவியார் எதெலுடன் ஊர் ஊராகச் சென்று, கைவினைஞரின் கருவிகளையும் செய்முறைகளையும் வடிவங்களையும் தொகுத்தார். எதெல் ஒளிப்படங்கள் எடுத்தார். பாறையின் அடுக்குகளை வகைப்படுத்திய அதே நுட்பத்துடன், பூவேலையின் வகைகளையும் அவர் பகுத்துக் காட்டினார்.

அவ்வுழைப்பின் பயனாக 1908இல் வெளிவந்தது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். தமிழ்க் குடியில் தோன்றிய ஒருவர் சிங்களக் கைவினைஞரின் கலைக்கு எடுத்த நினைவுச்சின்னம் அது. கைவினையின் மேன்மையைப் பேசும் அந்நூல் கைவினையாகவே உருவாயிற்று. ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மாரிசு பயன்படுத்திய கையச்சுப் பொறியில், ஏறத்தாழப் பதினைந்து மாத உழைப்பில், 425 படிகள் மட்டுமே அச்சிடப்பெற்றன.

ஓவியம் தேடிய பயணம்

1910இல் இலண்டனில் நிகழ்ந்த கருத்தரங்கொன்றில், இந்தியாவுக்கு நுண்கலை என ஒன்றில்லை என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. புத்தர் திருவுருவமும் இகழப்பட்டது. கலைஞர் பலர் இதனை எதிர்த்தனர். அதன் தொடர்ச்சியாக இந்தியக் கலையை அறிமுகம் செய்ய ‘இந்தியச் சங்கம்’ தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் குமாரசுவாமியும் ஒருவர்.

எனினும் மறுப்புரை மட்டும் போதாது, சான்று வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். வட இந்தியாவெங்கும் பயணம் செய்து ஓவியங்களைத் திரட்டினார். அலகாபாத்தில் நடைபெற்ற பெருங்கண்காட்சியின் கலைப்பகுதிக்கும் பொறுப்பேற்றார். அதுவரை மொகலாய ஓவியங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டவற்றுள், இராசபுத்திர நாட்டிலும் பஞ்சாப் மலையரசுகளிலும் வளர்ந்த தனிமரபு ஒன்றுண்டு என அவர் கண்டறிந்தார். அரசவையின் நிகழ்ச்சிகளையும் மாந்தரின் முகங்களையும் தீட்டியது மொகலாய ஓவியம். கண்ணனின் கதையையும் பண்களின் உணர்வையும் பாடியது இராசபுத்திர ஓவியம். இவ்வேறுபாட்டை 1916இல் இரு தொகுதிகளாக வந்த ‘இராசபுத்திர ஓவியம்’ என்னும் நூலில் நிறுவினார்.

தாம் திரட்டிய ஓவியங்களைக் கொண்டு காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று அமைய வேண்டும் என விரும்பினார்; தம் தொகுப்பையே வழங்க முன்வந்தார். அதனை ஏற்று நடத்துவார் இல்லை. 1917இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் இந்தியப் பிரிவின் காப்பாளராக அவரும் அங்குச் சென்றார். தன் செல்வத்தின் அருமையைத் தான் அறியாத நாடு, அச்செல்வத்தோடு அதனை அறிந்தவரையும் சேர்த்தே இழந்தது.

ஆடலின் பொருள்

நடிப்புக்கலையும் அவருடைய ஆய்வுக்குள் அடங்கியது. நந்திகேசுவரரின் ‘அபிநய தர்ப்பணம்’ என்னும் வடமொழி நூலைத் துக்கிராலா கோபாலகிருட்டிணையாவுடன் இணைந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1917இல் வெளியிட்டார். இந்திய நடிகரின் அசைவு, அந்தந்த வேளையின் உணர்ச்சி வேகத்தில் பிறப்பதன்று. இலக்கணப்படி பயின்று பெறுவது. கைம்முத்திரை ஒவ்வொன்றும் ஒரு சொல் போன்றது என்பதை மேலைநாட்டு நாடகக் கலைஞர்க்கு அவர் உணர்த்தினார்.

அதே நோக்கில் ஆடல்வல்லான் திருவுருவையும் விளக்கினார். 1918இல் நூலாகிய ‘சிவநடனம்’ பதினான்கு கட்டுரைகளைக் கொண்டது. நூலின் பெயருக்குரிய கட்டுரைக்குத் திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களே அடித்தளம். உடுக்கை படைத்தலையும், அபயக்கை காத்தலையும், கையிலேந்திய தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். விகாரம் எனப்பட்ட நான்கு கைகளில் ஒன்றும் மிகையன்று; ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுமக்கிறது. தமிழ்நாட்டு அடியார் அறிந்திருந்த இவ்வுண்மை, அவருடைய எழுத்தின் வழியே உலகக் கலையுலகின் அறிவாயிற்று.

புத்தர் திருவுருவம் கிரேக்கர் தந்த கொடை என்னும் கொள்கையையும் அவர் ஆராய்ந்தார். மதுராவின் பழைய இயக்கர் சிலைகளோடு ஒப்பிட்டு, அவ்வுருவத்திற்கு இந்திய மண்ணிலேயே வேர் உண்டு என 1927இல் வாதிட்டார். இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை விரித்துரைக்கும் அவருடைய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

நிறைவு

முப்பது ஆண்டுகள் பாஸ்டனில் பணியாற்றிய குமாரசுவாமி, பிற்காலத்தில் கலையின் மெய்ப்பொருளை ஆராய்வதில் ஆழ்ந்தார். எழுபதாம் அகவை நிறைந்தபோது இந்தியாவுக்குத் திரும்பி வாழும் விருப்பத்தை வெளியிட்டார். இந்தியா விடுதலை பெற்ற அதே ஆகஸ்டுத் திங்கள் அது. ஆயினும் 1947 செப்டம்பர் 9ஆம் நாள், பாஸ்டனை அடுத்த நீடாம் என்னும் ஊரில் அவர் மறைந்தார்.

பழைய கைவினைச் சமூகத்தை அவர் மிகையாகப் போற்றினார் என்றும், அதனுள் இருந்த சாதிப் பிணைப்பின் கடுமையைப் போதிய அளவு எண்ணவில்லை என்றும் பின்வந்தோர் கூறுவர். அக்குறை எண்ணத்தக்கதே. எனினும், ஒரு கலைப்பொருளின் முன் நிற்கும்போது இது யாருக்காக, எப்பயன் கருதி, எம்மரபில் செய்யப்பட்டது என வினவும் பழக்கத்தை நமக்குத் தந்தவர் அவர். ஊர்க்கோயில் தூணையும் தறியில் மலரும் கரையையும் இவ்வினாக்களோடு நோக்குவோர்க்கு, நாள்தோறும் கடந்து செல்லும் பொருள்களும் தம் பொருளை உணர்த்தும்.