மூன்று ராஜாக்கள் திருநாள்: நட்சத்திரமே இல்லாமல் ஞானிகளைப் பற்றி எழுதிய நோபல் கவிஞர்.. யார் இந்த டி.எஸ்.எலியட்?

ஜனவரி 6. கத்தோலிக்கர்கள் இதைத் திருக்காட்சிப் பெருவிழா என்பார்கள். நம்ம ஊர் பேச்சுவழக்கில் மூன்று ராஜாக்கள் திருநாள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் நாள் இது. எப்பிபனி என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெளிப்படுதல் என்று பொருள்.

மத்தேயு நற்செய்தி 2-ம் அதிகாரத்தில்தான் இந்தக் கதை வருகிறது. மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ அதில் இல்லை. பரிசு மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது, அவ்வளவுதான். வேறு வழியாக ஊர் திரும்பினார்கள் என்பதோடு பைபிள் அவர்களை விட்டுவிடுகிறது. திரும்பிப் போன பிறகு என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்தான் எலியட்.

1888-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தார். குடும்பம் யூனிடேரியன் பிரிவைச் சேர்ந்தது. இயேசுவை நல்ல போதகராக மதிப்பார்கள், கடவுளாக ஏற்க மாட்டார்கள். அதாவது, எப்பிபனி எதைக் கொண்டாடுகிறதோ அதையே மறுக்கும் வீடு. ஹார்வர்டில் சமஸ்கிருதம் படித்தார். லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தபடியே எழுதி, 1922-ல் பாழ்நிலம் என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். கடைசியில் உபநிடதச் சொல்லோடு முடியுமே, அதேதான். நம்பிக்கை வற்றிப்போன ஒரு தலைமுறையின் குரல் என்று அவரைக் கொண்டாடினார்கள்.

அந்த ஆள்தான் 1926-ல் ரோம் புனித பேதுரு பேராலயத்தில், மைக்கேலாஞ்சலோவின் பியேட்டா சிலை முன் சட்டென மண்டியிட்டார். கூடப் போன குடும்பத்தினருக்கே அதிர்ச்சி.

1927 ஜூன் 29. ஆக்ஸ்போர்டுஷையரில் ஃபின்ஸ்டாக் என்ற சின்ன கிராமத்து சர்ச். கதவைப் பூட்டிக்கொண்டு, 38 வயது எலியட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவு கவனம்!

இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், ஞானிகளின் பயணம் பற்றிய கவிதை வெளிவந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்துபோல அனுப்புவதற்காக அவர் வேலை பார்த்த பதிப்பகம் போட்ட சிறு வெளியீடு. வாங்கிப் படித்தவர்கள் நிச்சயம் குழம்பியிருப்பார்கள். நட்சத்திரம் இல்லை, தேவதூதர் இல்லை, பொன்னும் தூபமும் இல்லை. குளிர், அடம்பிடிக்கும் ஒட்டகங்கள், காசு பிடுங்கும் ஊர்கள்தான். வயதான ஞானி ஒருவர் பழைய பயணத்தை நினைத்துப் பார்க்கிறார். தேடிப் போனதைக் கண்டார், சரி. ஆனா வீடு திரும்பினால் சொந்த ஜனங்களே அந்நியர்களாகத் தெரிகிறார்கள். பழைய தெய்வங்களோடு ஒட்டவும் முடியவில்லை. பார்த்தது ஒரு பிறப்புதான் என்றாலும், தனக்குள் ஏதோ செத்துப்போனதாக அவருக்குத் தோன்றுகிறது.

கவிதையில் எழுதியது வாழ்க்கையிலும் நடந்தது. எலியட் சர்ச்சுக்குப் போகிறார் என்று தெரிந்ததும் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், இனி அவர் நமக்குச் செத்தவர் மாதிரிதான் என்ற தொனியில் அக்காவுக்குக் கடிதம் எழுதினார். இலக்கிய நண்பர்கள் பலருக்கு இது ஒரு துரோகமாகவே பட்டது.

விசுவாசம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1915-ல் மணந்த விவியனுடன் வாழ்க்கை ஏற்கெனவே நொறுங்கியிருந்தது. 1933-ல் வக்கீல் மூலம் பிரிந்தார். 1938-ல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட விவியன், 1947-ல் அங்கேயே இறந்தார். எலியட் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பக்தியுள்ள கவிஞரின் கதையில் விழுங்க முடியாத இடம் இது. யூதர்கள் பற்றிய சில வரிகளுக்காகவும் இன்றுவரை அவரைக் கேள்வி கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம், லண்டன் க்ளஸ்டர் ரோடு புனித ஸ்தேவான் ஆலயத்தில் 1934 முதல் 25 வருஷம் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். 1948-ல் நோபல் பரிசு வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை.

1957 ஜனவரி 10-ம் தேதி விடிகாலையில், தன் செயலாளர் வேலரியை மணந்தார். 1965 ஜனவரி 4-ல், திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, லண்டனில் காலமானார். அஸ்தி ஈஸ்ட் கோக்கர் கிராமத்து ஆலயத்தில் இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் அவருடைய முன்னோர் அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போன ஊர் அது.