நல்லாசிரியர் வால்ட்டர் டையட்

நல்லாசிரியர் இலக்கணம் கூறப் புகுந்த நன்னூலார், அவரை நிலத்துக்கும் துலாக்கோலுக்கும் ஒப்பிட்டனர். அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் வாழ்ந்த ஒருவர் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் நம் நாட்டினர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ மாநகரில் கறுப்பினச் சிறார்க்கு இசை பயிற்றிய வால்ட்டர் ஹென்றி டையட் என்பார் அவர்.

டையட் 1901-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11-ஆம் நாள் மிசௌரி மாகாணத்துச் செயிண்ட் ஜோசப் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பிடில் வாசிக்கக் கற்றார். கலிபோர்னியாவிற் பள்ளிப்படிப்பை முடித்து, பெர்க்கிலி சர்வகலாசாலையில் வைத்தியக் கல்விக்கு முற்படிப்புப் படித்தார். பின்னர், வைத்தியம் பயிலும் நோக்குடனே 1921-இல் சிகாகோ சேர்ந்தார். அக்காலத்துச் சலனப்படங்கட்குப் பேச்சில்லை. ஆதலின் படசாலைகளில் வாத்தியக் குழுவினர் அமர்ந்து இசைப்பது வழக்கம். டையட், வெண்டோம் படசாலையில் எர்ஸ்கின் டேட் என்பாரின் புகழ்பெற்ற குழுவிற் பிடில் வாசித்தார். நாளடைவில் வைத்தியத்தைக் கைவிட்டு இசையையே தொழிலாகக் கொண்டார். கறுப்பினப் படைப்பகுதி ஒன்றின் வாத்தியக் குழுவையும் நடத்தினமையின், மாணாக்கர் அவரைக் ‘காப்டன்’ என்றே வழங்கினர்.

அந்நாளிற் கறுப்பின மக்கள் தென்மாகாணங்களின் கொடுமைக்கு ஆற்றாது, பிழைப்பை நாடித் திரள் திரளாகச் சிகாகோவிற் குடியேறினர். ஆங்கும் அவர்கள் விரும்பிய தெருவிற் குடியிருத்தல் இயலவில்லை. கறுப்பினத்தார்க்கு வீடு விற்பதில்லை என்னும் உடன்படிக்கைகள் இருந்தன. 1948-இலேதான் உச்ச நியாயமன்றம் அவற்றை நிறைவேற்றலாகாதென விலக்கிற்று. நகரத்து இசைவாணர் தொழிற்சங்கமும் 1966 வரை நிறம்பற்றி இரண்டாகவே பிரிந்திருந்தது. இத்தகைய ஊரில் வறியவர் வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்து உண்பதற்குரிய வழிகளுள் இசையும் ஒன்றாயிற்று. டையட் 1931-இல் வெண்டெல் பிலிப்ஸ் உயர்தரப் பள்ளியில் ஆசிரியப்பணி ஏற்றார். 1935-இல் புதிதாகத் திறக்கப்பெற்று, பின்னர் டுசாபிள் எனப் பெயர்பெற்ற பள்ளிக்கு மாறினார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆங்கேயே பணிபுரிந்தார்.

அவர் மாணாக்கர் பலரும் விழைந்தது ஜாஸ் என்னும் இசை. குழுவினர் கூடி ஓர் இசையை முழக்க, இடையே ஒருவர் எழுந்து, நம் பாடகர் மனோதருமத்தால் இராகம் விரிப்பது போல, அப்பொழுதைக்கப்பொழுது தோன்றும் கற்பனையால் வாசிப்பர். இதற்குப் பிறவி வன்மையே போதும் எனச் சிறுவர் எண்ணுவர். டையட் அவ்வாறு எண்ணவில்லை. சுரவரிசை, தூய நாதம், எழுதிய இசையைக் கண்டவுடன் வாசிக்கும் திறம், காலந் தவறாமை, உடையில் ஒழுங்கு ஆகிய இவையெல்லாம் நிரம்பிய பின்னரே கற்பனை என்பது அவர் கொள்கை. அவர் கண்டிப்புக்கும் கடுஞ்சொல்லுக்கும் அஞ்சாத மாணாக்கர் இலர். நிறத்தைக் காட்டி வாயில் அடைப்போர் மிக்க உலகில், திறமையிற் குறை காட்டி அடைக்கவும் இடந்தரலாகாதென்பதே அக்கண்டிப்பின் கருத்து என நாம் கொள்கின்றோம்.

ஜானி கிரிபின் என்னும் சிறுவன் டெனர் சாக்ஸபோன் என்னும் பெருங்குழலைப் பெரிதும் விழைந்து வந்தான். டையட் அதனை உடனே அவன் கையிற் கொடுத்திலர். முதலிற் கிளாரினெட்டைக் கற்கப் பணித்தார். அச்சிறுவன் 1945-இற் பள்ளிப்படிப்பு முடித்ததும், லயனல் ஹாம்ப்டனின் பெயர்பெற்ற குழுவினர் அவனை அழைத்துக்கொண்டனர். விழைந்த பெருங்குழலையே ஆங்கு வாசித்து, பின்னர் உலகப் புகழும் பெற்றான்.

நாட் கிங் கோல், ஜீன் அம்மன்ஸ், வான் பிரீமன், ரிச்சர்டு டேவிஸ் முதலியோரும் டையட்டிடம் பயின்றவரே. வாத்தியங்களுக்குப் பொருள் வேண்டியிருந்தமையின், ஆண்டுதோறும் ‘ஹை ஜிங்க்ஸ்’ என்னும் ஆடல்பாடற் காட்சியை மாணாக்கரைக் கொண்டே நடத்தி, வந்த வருவாயை இசைக்கல்விக்கே செலவிட்டார். தாம் மேடையேறிப் பெறத்தக்க புகழை விடுத்து, மாணாக்கரை மேடையேற்றியதே அவர் பெருவாழ்வு.

டையட் 1969-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் காலமானார். பின்னர்ச் சிகாகோவில் ஓர் உயர்தரப் பள்ளி அவர் பெயர் தாங்கிற்று. நகரத்துக் கல்விச் சபையார் அதனைப் படிப்படியாகக் குறைத்து, 2015-இல் மூடினர். அது பொறாத பெற்றோரும் ஊராரும் ஆசிரியருமாகப் பன்னிருவர் உண்ணாநோன்பு தொடங்கினர். அந்நோன்பு 34 நாள் நீடித்தது. 2016-இல் அதே பெயருடன், கலைகளைச் சிறப்பாகப் பயிற்றும் பள்ளியாக அது மீண்டும் திறக்கப்பெற்றது.

அன்பர்களே, நம் பிள்ளைகளும் பள்ளி சென்று படிக்கின்றனர். அவர்களைக் கண்டிக்கும் ஆசிரியரைப் பகைவரெனக் கருதிச் சிலர் நம்மிடமே முறையிட வருகின்றனர். அவர்கட்கு நாம் கூறும் விடை டையட்டின் சரிதமேயாம். துலாக்கோல் எவர்பொருட்டும் சாயாது. சாயாத கோலில் நிறுக்கப்பெற்ற பொருளையே உலகம் ஐயமின்றி ஏற்கும்.