தொழிலாளர் தோழர் திரு. வி. க.

காஞ்சிபுரம் பட்டு நெசவிற்குப் பெயர் பெற்ற நகரம். அங்கே நெசவாளர் தம் இல்லத்திலேயே தறி அமைத்து, மனைவி மக்களுடன் கூடி நெய்வது நெடுங்கால வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் சென்னையில் அத்தொழில் வேறு உருக்கொண்டது. பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகள் எழுந்தன. சிற்றூர்களினின்று பிழைப்பு நாடி வந்த மக்கள், ஆலையைச் சூழ்ந்த சூளை, புளியந்தோப்பு முதலிய இடங்களில் குடியேறினர். அவர்தம் வாழ்வு ஆலைச் சங்கின் ஒலிக்கு அடங்கியதாயிற்று. வேலை நேரம் நீண்டது. உணவுக்கு விட்ட பொழுதோ மிகக் குறுகியது. குறையை எடுத்துரைக்க ஓர் அமைப்பும் இல்லை.

இம்மக்களுக்குத் துணை நின்ற பெரியார்களுள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். இவர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மையார். இளமையில் யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்றார். பின்னர்ச் சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கினார். 1917-இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார்.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகியோர் அதற்கு வித்திட்டனர். பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைத் தலைவரானார். எழுத்தறியாத தொழிலாளரும் உணரும்வண்ணம் இனிய தமிழில் உரிமையை விளக்கியது திரு. வி. க.வின் சிறந்த தொண்டாகும்.

சங்கம் எளிதில் வளரவில்லை. ஆலையார் வாடியாவின்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு அந்நாளில் இல்லை. 1921-இல் நடந்த வேலைநிறுத்தம் பெருந்துயரில் முடிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்பினர். ஏனையோர் வெளியே நின்றனர். ஓராலையில் உடன் உழைத்தவர்கள் சாதியால் பிளவுண்டு மோதினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. நாடு கடத்தப்பட நேரும் என ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு. வி. க.வை எச்சரித்தார். அவர் அஞ்சவில்லை, தொழிலாளரை விட்டு நீங்கவும் இல்லை. வேலைநிறுத்தம் தோற்றது, ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

தொழிலாளர் பணியோடு நாட்டுப் பணியும் மொழிப் பணியும் அவர்பால் இணைந்திருந்தன. 'நவசக்தி' இதழை நடத்தினார். 'பெண்ணின் பெருமை' முதலிய நூல்களை இயற்றினார். 1925-இல் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாகாண மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

1947-இல் அவ்வாலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. அப்பொழுது நாட்டை ஆண்டது, தாம் ஒருகாலத்தில் உழைத்து வளர்த்த காங்கிரசே. அவ்வரசு அறுபதைக் கடந்த அம்முதியவரை வீட்டுக் காவலில் வைத்தது. ஆள்வோர் மாறினும் தொழிலாளர் பக்கம் நின்ற அவர் உள்ளம் மாறவில்லை.

1953-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் திரு. வி. க. மறைந்தார். அவ்வாலைகளும் 1996-இல் மூடப்பட்டன. ஆனால், உழைப்போர் ஒன்றுகூடித் தம் குறையை எடுத்துரைக்கும் உரிமை இன்றும் நிலைத்து நிற்கின்றது. அவ்வுரிமைக்கு உழைத்த சான்றோருள் திரு. வி. க.வை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.