தேடினால் ஒளிந்துகொள்ளும் ‘பக்’... 2,700 வால்வுகளோடு மல்லுக்கட்டிய சென்னைக்காரர்! யார் இந்த ஆர்.நரசிம்மன்?

ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். நைட் ஷிஃப்ட்டில் மக்கர் பண்ணும் மெஷின், அவர் வந்து பக்கத்தில் நின்றதும் சமர்த்தாக ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர்களுக்கும் இதே தலைவலிதான். தனியாக ஓடும்போது புரோகிராம் நின்றுபோகும். பிழை தேட உதவும் டீபக்கர் மென்பொருளுக்குள் ஓடவிட்டால் ஒழுங்காக வேலை செய்யும்.

ஏன் இப்படி? டீபக்கர் புரோகிராமின் வேகத்தையும் நினைவகத்தில் அது உட்காரும் இடத்தையும் லேசாக மாற்றிவிடும். அந்தச் சின்ன மாற்றத்திலேயே பிழை ஒளிந்துகொள்ளும். இதற்கு ‘ஹைசன்பக்’ என்று பெயர். சில நேரம் டீபக்கரிலேயே கோளாறு இருக்கும். அப்போது எதைத்தான் நம்புவது?

டீபக்கர் என்ற வசதியே கைக்கு வராத காலத்தில், இதே கேள்வியோடு வாழ்ந்தவர் ரங்கசாமி நரசிம்மன்.

கிண்டி டூ பம்பாய்

1926-ல் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனார். கால்டெக்கில் மின்பொறியியல், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். 1954-ல் ஊர் திரும்பி, ஹோமி பாபா நடத்திவந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் குழுவுக்குக் கிடைத்த வேலை, ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டரைக் கட்டுவது. இந்தியாவில் அதுவரை யாரும் செய்யாத வேலை. கேட்டுத் தெரிந்துகொள்ள, முன்னால் கட்டிப் பார்த்தவர்கள் இங்கே கிடையாது.

முதலில் சின்னது, அப்புறம் பெரியது

எடுத்த எடுப்பிலேயே பெரிய மெஷினில் கைவைக்கவில்லை. சின்னதாக ஒரு முன்மாதிரி கட்டினார்கள். 1956-ல் அது ஓடியது. சின்ன மெஷினில் தப்பு எங்கே என்று தேடுவது சுலபம். அந்த அனுபவத்தோடுதான் முழு கணினிக்குப் போனார்கள்.

அதில் சுமார் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மேனியம் டையோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். நினைவகமோ வெறும் 2,048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட்.

சிக்கல் இங்கேதான். வால்வு சூடானால் ஒரு மாதிரி நடக்கும், ஆறினால் வேறு மாதிரி. சரியாகப் பிடிக்காத ஒரு பற்றவைப்பு போதும், பத்து முறை சரியான விடை வந்து பதினோராவது முறை தப்பும். புரோகிராமையும் 0, 1 என்றே எழுத வேண்டியிருந்தது. விடை தப்பினால் குற்றவாளி யார்? எழுதியவரா, மெஷினா? சோதனை புரோகிராம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதுவும் சந்தேகத்துக்குரிய அதே மெஷினில்தானே ஓடணும்!

நேரு வைத்த பெயர்

1960-ல் அது முறைப்படி பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பொதுப்பயன் எலக்ட்ரானிக் கணினி. 1962-ல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் வைத்தார்.

ஆனால் அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. பிறக்கும்போதே பழசாகிப்போன மெஷின் என்றுகூடச் சொல்லலாம். 1964-ல் அமெரிக்காவின் சிடிசி 3600 கணினி அதே நிறுவனத்துக்கு வந்தது.

அப்படியானால் பட்ட பாடு வீணா? இல்லை. கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கலாம். அது ஏன் தப்பு செய்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆட்களை வாங்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும். டிஃப்ராக் அப்படியொரு தலைமுறையை உருவாக்கியது.

நரசிம்மனும் அதோடு நிற்கவில்லை. 1965-ல் தொடங்கிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். படங்களைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும், குழந்தைகள் மொழியை எப்படிக் கற்கிறார்கள் என்றெல்லாம் ஆராய்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007-ல் காலமானார்.

இன்றைக்கு நமக்கு என்ன?

பிடிபடாத பிழைக்கு இன்றும் அதே வழிதான். சந்தேகப்படும் பகுதியை மட்டும் பிரித்து, பிழை வரும் அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், குறித்து வையுங்கள். டீபக்கர் சொல்வதையும் வேறொரு வழியில் சரிபாருங்கள். ஒருமுறைதான் வந்தது என்பதற்காகப் பிழையே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.