நாள் குறிக்க மறுத்த போதகர்

உலகம் இன்ன தேதியில் முடிந்துவிடும் என்று சொல்லி ஏமாந்தவர்கள் பலர் உண்டு.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, வேதாகமத்தில் உள்ள எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, இயேசு கிறிஸ்து திரும்பி வரும் காலம் நெருங்கிவிட்டது என்று பிரசங்கம் செய்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளும் குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பொழுது விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஊர் சிரித்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொருவர் இருந்தார். கடைசி காலத்தைப் பற்றியே அவரும் போதித்தார். ஆனால் தேதி மட்டும் சொல்ல மறுத்தார். அவருக்குச் சொந்தமாகப் பெரிய ஆலயமோ, பட்டமோ, பதவியோ கிடையாது. பெட்டியும் கையுமாக நாடு நாடாகச் சென்று, மற்ற போதகர்களுக்குப் பாடம் சொல்வதிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவர்தான் ஜான் நெல்சன் டார்பி.

பெயர் வந்த விதம்

டார்பி 1800 நவம்பர் 18-ந் தேதி லண்டனில் பிறந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த வசதியான குடும்பம். அவருடைய தந்தையின் சகோதரர் கடற்படையில் கப்பல் தலைவர். 1798-ல் நைல் நதி முகத்துவாரத்தில் நடந்த புகழ்பெற்ற கடற்போரில் நெல்சனின் தலைமையில் போரிட்டவர். அந்த மதிப்பினால் பிள்ளைக்கு நெல்சன் என்ற பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

டப்ளின் நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1819-ல் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்து 1822-ல் வழக்கறிஞரானார். நல்ல வருமானம் காத்திருந்தது. ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, 1825-ல் அயர்லாந்துத் திருச்சபையில் ஊழியத்துக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

மலைக்குடிசையில் குரு

அவருக்குக் கிடைத்தது விக்லோ மாவட்டத்தில் ஒரு மலைப்பகுதி. ஜனங்கள் பரம ஏழைகள், பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். டார்பி அவர்கள் நடுவிலேயே குடியேறினார். இரவு வெகுநேரம் வரை குடிசை குடிசையாகச் சென்று வேதம் வாசித்துக் காட்டினார். உடையைப் பற்றிய கவலையே இல்லை. லிமெரிக் நகரில் ஒருவர் அவரைப் பிச்சைக்காரர் என்று நினைத்துக் கையில் அரைப் பென்னிக் காசு கொடுக்க வந்தார் என்று ஒரு கதை உண்டு.

மலைவாசிகள் கூட்டம் கூட்டமாக அவர் பக்கம் வந்தார்கள். வாரத்துக்கு 600 பேர், 800 பேர் என்று அயர்லாந்தில் அப்போது சேர்ந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

அந்த நேரத்தில் டப்ளின் பேராயர் மாகீ ஓர் உத்தரவு போட்டார். புதிதாகச் சேருகிறவர்கள் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்பதே அது. அயர்லாந்து ஏழைக்கு இங்கிலாந்து அரசர் அன்னியர். வந்தவர்கள் வந்த வழியே நின்றுவிட்டார்கள்.

டார்பியின் மனதில் அது ஆறாத புண்ணாயிற்று. அரசரின் நிழலில் நிற்கும் சபை கிறிஸ்துவின் சபையாக இருக்க முடியுமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

குதிரை தள்ளிய குழி

1827-ல் குதிரை அவரைக் கதவு நிலையில் மோதியதில் கால் நசுங்கியது. பல மாதங்கள் உறவினர் வீட்டில் படுத்துக் கிடந்தார். கையில் வேதாகமம் ஒன்றுதான் துணை.

அந்தப் படுக்கையில்தான் அவருடைய போதனை உருவாயிற்று. ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். இஸ்ரவேல் மக்களுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதிகள் வேறு, கிறிஸ்தவ சபையின் நம்பிக்கை வேறு என்ற முடிவுக்கு வந்தார். இரண்டையும் ஒன்றாகக் கலந்ததால்தான் சபை இந்த உலகத்தில் பட்டமும் அதிகாரமும் தேடி அலைகிறது என்று எண்ணினார்.

அதிலிருந்து அவர் போதனை வளர்ந்தது. கிறிஸ்து தம்முடைய மெய்யான விசுவாசிகளை முதலில் எடுத்துக்கொள்வார். அதன்பின் உலகத்துக்குக் கொடிய உபத்திரவ காலம் வரும். பிறகு அவர் எல்லோரும் காண வந்து ஆயிரம் வருடம் அரசாளுவார். முதலில் நடக்கும் அந்த இரகசிய வருகைக்கு நாள் குறிக்க முடியாது. எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம். எனவே தினமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

1831 முதல் விக்லோவில் பவர்ஸ்கோர்ட் சீமாட்டி தம் மாளிகையில் தீர்க்கதரிசன மாநாடுகள் நடத்தினார். அங்கே குருமார்களும் சாதாரண ஜனங்களும் சேர்ந்து இந்தப் போதனையை ஆராய்ந்தார்கள். டார்பி திருச்சபையை விட்டு விலகினார். குரு, ஆயர் என்ற பதவிகள் இல்லாமல், ஒருவருக்கொருவர் சகோதரர் என்று அழைத்து அப்பம் பிட்கும் சிறு கூட்டங்களில் கலந்துகொண்டார். பிளிமத் நகரில் அந்தக் கூட்டம் பெருகியதால், அவர்களுக்குப் பிளிமத் சகோதரர்கள் என்று பெயர் வந்தது. நம் ஊரில் பிரதரன் சபை என்பது இந்த வழியில் வந்ததே.

ஊர் ஊராக வகுப்பு

1837-ல் டார்பி சுவிட்சர்லாந்து சென்றார். 1840-ல் ஜெனீவாவில் சபையின் எதிர்கால நம்பிக்கையைப் பற்றி 11 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பிரெஞ்சு மொழியிலேயே பேசினார். இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வேதத்தைக் கற்பித்து, பிரசங்கிகளாக வெளியூர்களுக்கு அனுப்பினார். 1845-ல் அங்கே அரசியல் புரட்சி வெடித்து உயிருக்கே ஆபத்து வந்தபோதுதான் வெளியேறினார்.

அடுத்து ஜெர்மனி. எல்பர்ஃபெல்டு நகரில் அங்குள்ள ஊழியர்களுடன் உட்கார்ந்து, மூல மொழியிலிருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அது 1855-ல் வெளிவந்தது. பிரெஞ்சுப் புதிய ஏற்பாடு 1859-ல் வந்தது. போகும் ஊரில் அந்த ஊர் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வயது 60-ஐத் தாண்டிய பிறகு அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 1862-க்கும் 1877-க்கும் இடையே ஐந்து தடவைக்குக் குறையாமல் வட அமெரிக்கா சென்றார். டொராண்டோ, நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, செயின்ட் லூயிஸ் என்று அலைந்தார். 70 வயதுக்கு மேல் நியூசிலாந்துக்கும் போய் வந்தார்.

அமெரிக்காவில் அப்போது காலம் கனிந்திருந்தது. உலகம் நாளுக்கு நாள் திருந்தி வருகிறது, கடைசியில் தானாகவே பரலோக ராஜ்யம் ஆகிவிடும் என்று அங்கே பலர் நம்பியிருந்தார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் மடிந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மறுபக்கம், மில்லர் கூட்டத்தின் ஏமாற்றத்தால் தேதி சொல்வதற்குப் பலருக்கும் தைரியம் இல்லை. தேதி சொல்லாமல் விழிப்பை மட்டும் கேட்ட டார்பியின் போதனை அந்தப் போதகர்களுக்கு ஏற்றதாக இருந்தது.

பாதிப் பாடம்

ஆனால் மாணவர்கள் பாடத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

டார்பிக்கு இரண்டும் ஒன்றே. பெரிய சபைகள் கெட்டுப்போய்விட்டன. அவற்றை விட்டு வெளியே வந்து கிறிஸ்துவுக்காகக் காத்திருங்கள் என்பதே அவர் சொன்னது. அமெரிக்கப் போதகர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள். வெளியே வரச் சம்மதிக்கவில்லை. தங்கள் ஆலயத்தையும் பிரசங்க மேடையையும் விடாமல், வருகையைப் பற்றிய போதனையை மட்டும் பிரசங்கித்தார்கள். இது டார்பிக்குப் பெரிய மனக்குறை.

சிகாகோவில் புகழ்பெற்ற சுவிசேஷகர் மூடியுடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. மனிதன் தன் விருப்பத்தால் கடவுளைத் தேர்ந்துகொள்ள முடியுமா என்பதில் இருவரும் வேறுபட்டார்கள். ஆயினும் கிறிஸ்துவின் வருகை எந்நேரமும் நிகழலாம் என்பதை மூடியும் பிரசங்கித்தார்.

செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் புரூக்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் இதே போதனையைப் பரப்பினார். அவரிடம் பாடம் கேட்டவர் ஸ்கோஃபீல்டு. சட்டத் தொழிலிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர். இவர் 1909-ல் அடிக்குறிப்புகளுடன் ஒரு வேதாகமத்தை வெளியிட்டார். டார்பி வகுத்த முறை அந்தக் குறிப்புகள் வழியாக உலகமெங்கும் பிரசங்கிகளின் கைக்குச் சென்றது. டார்பியின் பெயரையே கேள்விப்படாதவர்களும் அவர் பாடத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

உடைந்த நட்புகள்

எல்லா விசுவாசிகளும் ஒரே சரீரம் என்று ஆரம்பித்தவர் டார்பி. ஆனால் அவர் வாழ்வு முழுவதும் பிரிவினைகள்.

பிளிமத்தில் நியூட்டன் என்பவர், சபையும் உபத்திரவ காலத்தின் வழியாகப் போக வேண்டும் என்று போதித்தார். 1845-ல் டார்பி அவரிடமிருந்து பிரிந்து தனியாகக் கூடினார். 1848-ல், பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளைக் காத்த ஜார்ஜ் முல்லரின் சபையோடும் உறவை முறித்தார்.

இப்படி நேரும் என்று முன்பே எச்சரித்த நண்பர் ஒருவர் உண்டு. அவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். பல் மருத்துவத் தொழிலை விட்டு மிஷனரியானவர். 1836-ல் அவர் டார்பிக்கு எழுதிய கடிதத்தில், பிறருடைய தவறுகளை எதிர்ப்பதே உங்கள் சாட்சியாகிவிடும், அறிவில் ஒத்துப்போகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளாமல் கிறிஸ்துவின் ஜீவன் உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தை மன்றாடிச் சொன்னார். டார்பி மாறவில்லை.

அந்த குரோவ்ஸ்தான் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூரில் வந்து ஊழியம் செய்தவர். அவரிடம் பயின்ற திருநெல்வேலித் தமிழர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், மிஷன் சம்பளத்தை நம்பாமல் கிறிஸ்டியன்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860-ல் அங்கே பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. டார்பி கேட்க மறுத்த நண்பரின் வழி, தமிழ் மண்ணில் வேர்விட்டது.

கடைசி நாட்கள்

டார்பி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1881-ல், அவருக்கு 80 வயது ஆனபோது, சகோதரர்கள் மறுபடியும் பிளந்தார்கள். அவருடைய எழுத்துகளை 34 தொகுதிகளாகப் பதிப்பித்த வில்லியம் கெல்லியும் அந்தப் பிளவில் மறு பக்கம் நின்றார்.

1882 ஏப்ரல் 29-ந் தேதி பார்ன்மவுத் நகரில் டார்பி காலமானார். எந்த நாளும் வரலாம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த நாளை அவர் உயிரோடு காணவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு அவரோடு முடியவில்லை.

இன்றும் தமிழ்நாட்டிலும், தமிழர் பிழைக்கப் போன ஊர்களிலும், ஞாயிறு ஆராதனைகளிலும் மாலைக் கூட்டங்களிலும் இரகசிய வருகையைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. சில பிரசங்கிகள் மறுபடியும் தேதியைக் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் போதனையை அயர்லாந்தில் ஊன்றுகோலோடு கிடந்தபடி வகுத்தவர் ஒருபோதும் நாள் குறித்ததில்லை. நாள் தெரியாததால்தான் ஒவ்வொரு நாளையும் ஒழுங்காக வாழ வேண்டும் என்பதே அவருடைய பாடம். சகமனிதரோடு ஒத்து வாழும் பாடத்தையும் அவர் கற்றிருந்தால், அந்த வாழ்வு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.