பைண்டிங் கடையிலிருந்து லேபுக்கு: ஃபாரடேவுக்கு வேலை கிடைத்த கதை

1805, லண்டன். பைண்டிங் கடையில் வேலை பழகச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடேவுக்கு 14 வயசு. அப்பா இரும்புக் கொல்லர். ஸ்கூல் படிப்பு, எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரியுற அளவுக்குத்தான்.

தைக்க வந்த புத்தகங்களையே படிக்க ஆரம்பித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கைக்கு வந்தது. படித்ததோடு விடாமல், மிச்சம் பிடித்த காசில் சின்னச் சின்ன பரிசோதனைகளும் செய்து பார்த்தார். முதலாளி தடுக்கவில்லை. அப்படி ஒரு பாஸ் எல்லாருக்கும் அமையாது!

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் தர, ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவியின் அறிவியல் உரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை சுமார் 300 பக்கத்துக்கு விரித்து எழுதி, தானே பைண்ட் செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். இன்றைய கணக்கில் அதுதான் அவருடைய ரெஸ்யூமே.

டேவிக்குப் பிடித்தது. ஆனால் இடம் காலி இல்லை. பைண்டிங்கையே பார்க்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் லேப் உதவியாளர் ஒருவர் அடிதடியில் வேலையை இழக்க, 1813 மார்ச்சில் ஃபாரடேவுக்கு அழைப்பு வந்தது. கருவிகளைக் கழுவி, எடுத்து வைக்கிற வேலைதான். தங்க மாடியில் இரண்டு அறை.

1831-ல் அதே கட்டடத்தில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் மின்சாரம் உண்டாகும் என்று காட்டினார். இன்றைய ஜெனரேட்டர்கள் அந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.